புகையை நிறுத்த மனவிழிப்பும் குறுஞ்செய்தியும்: ஒரு மதிப்பீடு

புகைப் பழக்கத்தை விடுவதற்கென்று மனிதன் கண்டுபிடித்த வழிகள் பல. நிக்கோட்டின் கலந்த சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, மாத்திரை, மருத்துவரின் அறிவுரை, ஹிப்னாடிசம், அக்குபங்சர் என்று பட்டியல் நீளுகின்றது. கடந்த இருபது ஆண்டுகளில் இப்பட்டியலில் இரண்டு புதிய பெயர்கள் சேர்ந்துள்ளன. ஒன்று, செல்பேசியில் வரும் குறுஞ்செய்தி. மற்றொன்று, ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனப்படும் மனப் பயிற்சி. மனத்தில் எழும் ஆசையை அடக்காமலும் அதற்குப் பணியாமலும், அது எழுவதையும் அடங்குவதையும் விலகி நின்று கவனிக்கப் பழகுவதே இப்பயிற்சியின் சாரம். இதை இக்கட்டுரையில் ‘மனவிழிப்பு’ என்று குறிப்பிடுவோம்.

இவ்விரண்டையும் இணைத்து, பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பது, அதை மறந்துவிடாதபடி செல்பேசி வழியே நினைவூட்டுவது என்ற முறையும் வந்துவிட்டது. ‘இரு மடங்கு பலன்’, ‘மருந்தில்லாமல் விடுதலை’ என்ற தலைப்புகளில் இவற்றைப் பற்றிய செய்திகளைப் படிக்கின்றோம். இவற்றில் எவ்வளவு உண்மை? எந்தச் சோதனையின் அடிப்படையில் சொல்கிறார்கள்? அந்தச் சோதனை எதை அளந்தது? இக்கேள்விகளை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மடங்கு என்று யாராவது சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதைப் போல் இரு மடங்கு? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஜோடியாக வந்து நிற்கும் இவ்விரு வழிகளும் ஒரே தரத்தவை அல்ல என்பது விளங்கும்.

காலத்தின் விலை

இது வெறும் ஏட்டு விவாதம் அன்று. இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் 1951-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவர்களின் புகைப் பழக்கத்தைக் குறிக்கத் தொடங்கினர். 34,439 ஆண் மருத்துவர்களை அரை நூற்றாண்டுக் காலம் பின்தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களை விடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். ஆனால் 60 வயதில் பழக்கத்தை விட்டவர்கள் 3 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார்கள்.

இக்கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம். 40 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையே புகைத்துக் கழித்த பத்தாண்டின் விலை, ஆயுளில் 3 ஆண்டுகள். பலனில்லாத வழி ஒன்றை நம்பி, தோற்று, ‘நமக்கு மன உறுதி இல்லை’ என்று தம்மையே நொந்துகொண்டு பழக்கத்தைத் தொடர்பவர் இழப்பது இந்தக் காலத்தைத்தான். ஆகவே விடுவதற்கான வழிகளையும் மருந்துகளைச் சோதிப்பது போலவே கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும்.

உடலில் நடப்பது என்ன?

உள்ளிழுத்த புகையில் உள்ள நிக்கோட்டின் நுரையீரலில் இரத்தத்துடன் கலந்து, 10 முதல் 20 வினாடிகளுக்குள் மூளையை அடைகின்றது. அங்குள்ள சில ஏற்பிகளில் படிந்து, டோப்பமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கின்றது. இதுவே புகைப்பவர் உணரும் நிறைவு. செயலுக்கும் பரிசுக்கும் இடையே இவ்வளவு குறைந்த கால இடைவெளி இருப்பதால்தான் பழக்கம் ஆழமாக வேரூன்றுகின்றது.

கதிரியக்கப் பாடத்தில் ‘அரை ஆயுட்காலம்’ பற்றி மாணவர்கள் படித்திருப்பார்கள். இரத்தத்தில் நிக்கோட்டினின் அரை ஆயுட்காலம் சுமார் 2 மணி. இரவு 10 மணிக்குக் கடைசி சிகரெட்டைப் பிடித்தவர் காலை 6 மணிக்கு எழும்போது நான்கு அரை ஆயுட்காலங்கள் கடந்துவிட்டன. அவர் இரத்தத்தில் எஞ்சியிருப்பது பதினாறில் ஒரு பங்கே. படுக்கையை விட்டு எழுந்ததும் கை தீப்பெட்டியைத் தேடுவதன் இரகசியம் இதுவே.

உடல் இந்த நிக்கோட்டினைக் கோட்டினின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 16 மணி. அது பதினாறில் ஒரு பங்காகக் குறைய 64 மணி நேரம் ஆகும். எனவே உமிழ்நீரில் கோட்டினினை அளந்தால், கடந்த இரண்டு மூன்று நாட்களில் ஒருவர் புகைத்தாரா என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். ‘நான் விட்டுவிட்டேன்’ என்று சொல்லும் வாயே அதற்குச் சாட்சியும் சொல்ல வேண்டியிருக்கின்றது! மூச்சில் வரும் கார்பன் மோனாக்சைடை அளப்பது இன்னொரு முறை. ஆனால் அவ்வாயு சில மணி நேரங்களிலேயே உடலை விட்டு நீங்கிவிடுவதால், ஏறத்தாழ ஒரு நாளுக்கு முந்தைய கதையை அது சொல்லாது. அளவுகோலின் எல்லையை நினைவில் கொள்வது பின்னால் பயன்படும்.

பழக்கத்தை நிறுத்தியதும் எரிச்சல், தூக்கமின்மை, மனம் ஒன்றாமை போன்ற தொல்லைகள் தோன்றும். இவை முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, சில வாரங்களில் தணியும். அந்நாட்களில் ஆசை இடைவிடாமல் இருப்பதில்லை. அலை போல் எழுந்து, சில நிமிடங்களில் அடங்கி, பிறகு மீண்டும் எழுகின்றது. குறுஞ்செய்தி, மனவிழிப்பு ஆகிய இரண்டுமே இந்தச் சில நிமிடங்களைக் கடக்கத் துணை செய்வதாகச் சொல்லிக்கொள்கின்றன.

குறுஞ்செய்திக்கு வந்த சோதனை

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2005-இல், நியூசிலாந்து விஞ்ஞானிகள் 1,705 புகைப்பவர்களிடம் இதைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்தில், அறிவுரைச் செய்திகளைப் பெற்றவர்களில் 28 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 13 சதவீதத்தினரும் புகைப்பதை விட்டிருந்ததாகக் கூறினார்கள். ‘கூறினார்கள்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆறு வாரம் என்பது குறுகிய காலம். சொல்லை மட்டும் நம்பிய கணக்கும் போதாது.

அக்குறையைத் தீர்த்தது இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கரோலின் ஃபிரீயும் அவருடைய குழுவினரும் நடத்திய ‘டெக்ஸ்ட் டு ஸ்டாப்’ என்னும் ஆய்வு. 2007 முதல் 2009 வரை 5,800 பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு ஐந்து வாரங்களுக்குத் தினமும் 5 செய்திகள். அதன்பின் 26 வாரங்களுக்கு வாரம் 3 செய்திகள். ஆசை எழும்போதோ தவறிப் புகைத்துவிட்டபோதோ ஒரு சொல்லை அனுப்பினால், அந்நேரத்துக்கு ஏற்ற பதில் உடனே வரும்.

இரண்டாம் குழுவுக்கு என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆய்வின் நேர்த்தி உள்ளது. அவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் இரு வாரத்துக்கு ஒரு முறை செய்தி போயிற்று. ஆனால் அச்செய்திகளில் புகையை விடுவது பற்றிய அறிவுரை எதுவும் இல்லை. ‘நம்மை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார்’ என்ற உணர்வு ஓரளவேனும் இரு குழுவினருக்கும் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து, விட்டுவிட்டதாகச் சொன்னவர்களின் உமிழ்நீரில் கோட்டினினை அளந்தார்கள்.

2011-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. தொடர்பு அறுந்துபோனவர்கள் எல்லோரும் புகைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கண்டிப்பாகக் கணக்கிட்டாலும், முதல் குழுவில் 2,911 பேரில் 268 பேரும், இரண்டாம் குழுவில் 2,881 பேரில் 124 பேரும் பழக்கத்தை விட்டிருந்தார்கள். இரு மடங்குக்குச் சற்று மேல்!

இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா? எண்ணிக்கைகளின் ஏற்ற இறக்கத்தை மதிப்பிடப் பௌதிக மாணவர்கள் எளிய வழி ஒன்றைப் பயன்படுத்துவார்கள். ஒரு நிகழ்ச்சி N தடவை எண்ணப்பட்டால், அதில் N-இன் வர்க்கமூல அளவுக்குத் தற்செயலான தடுமாற்றம் இருக்கலாம். இங்கே வேறுபாடு 144. இரண்டு எண்களின் தடுமாற்றமும் சேர்ந்து, 268, 124 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 392-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 20. தடுமாற்றத்தைப் போல் ஏழு மடங்கு உள்ள வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

ஆயினும் இதே எண்களை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நூறு பேரில் அறிவுரைச் செய்தி இல்லாமலே 4 பேர் விட்டார்கள்; அறிவுரைச் செய்தியுடன் 9 பேர் விட்டார்கள். கூடுதல் 5 பேர். மீதி 91 பேர் செய்திகளைப் பெற்றும் விடவில்லை. ‘இரு மடங்கு’ என்று எழுதும் பத்திரிகை, ‘நூற்றில் 91 பேருக்குப் பலன் இல்லை’ என்றும் எழுதியிருக்கலாம். இரண்டும் ஒரே உண்மைதான். தனி மனிதருக்கு இது சிறு உதவி; நாட்டுக்கோ பெரிய உதவி. ஒரு இலட்சம் பேருக்குச் செய்தி அனுப்பினால் கூடுதலாக 5,000 பேர் விடுவார்கள் என்றால், இவ்வளவு மலிவான கருவிக்கு அது பெரும் வெற்றியே.

2019-இல் காக்ரேன் அமைப்பு இத்தகைய 26 ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டது. சொற்ப உதவி பெற்றவர்களோடு ஒப்பிட்டால், குறுஞ்செய்தி பெற்றவர்கள் வெற்றி பெறும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்பது அதன் முடிவு. இன்னொன்றையும் அது குறிப்பிட்டது. ‘ஆப்’ எனப்படும் செல்பேசிச் செயலிகள் பயன் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அழகிய படங்களும் வண்ணங்களும் கொண்ட செயலியை நாம் தேடித் திறக்க வேண்டும். குறுஞ்செய்தியோ தானாக வந்து கதவைத் தட்டும். காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதுவும் சோதிக்கப்பட வேண்டியதே.

மனவிழிப்பின் கதை

மனவிழிப்பு பௌத்தத் தியான மரபிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஜான் கபட்-சின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதைச் சமயச் சடங்குகள் நீக்கிய எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார். போதைப் பழக்க ஆய்வில் ஈடுபட்ட ஆலன் மார்லாட், ஆசையைக் கடல் அலைக்கு ஒப்பிட்டார். அலையை எதிர்த்து நிற்காதே; பலகையில் ஏறி அதன் மேலேயே மிதந்து செல்; அது தானே அடங்கும் என்பது அவர் காட்டிய வழி.

புகைப் பழக்கத்தில் இதைப் பெரிதும் பரப்பியவர் மனநல மருத்துவர் ஜட்சன் புரூவர். பழக்கம் என்பது தூண்டுதல், செயல், பரிசு என்ற மூன்றின் சுழற்சி. புகைக்கும்போதே அதன் நாற்றத்தையும் கசப்பையும் விழிப்புடன் கவனித்தால் பரிசின் மயக்கம் குறையும். சுழற்சி அறுபடும் என்பது அவர் வாதம். 2017-இல் வெளிவந்த ‘தி கிரேவிங் மைண்ட்’ என்னும் நூலிலும் மேடைப் பேச்சுகளிலும் இதை அவர் சுவையாக விளக்கியுள்ளார். மனவிழிப்பு, வழக்கமான சிகிச்சையைப் போல் இரு மடங்கு பலன் தந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியதும் அப்பேச்சுகளால்தான்.

அதன் ஆதாரம் என்ன? யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு. மொத்தம் 88 பேர். ஒரு பிரிவினருக்கு மனவிழிப்புப் பயிற்சி; மற்றவர்களுக்கு அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் வழக்கமான வகுப்பு. இரு பிரிவினருக்கும் நான்கு வாரங்களில் எட்டு வகுப்புகள். பயிற்சி முடிந்தபோது 36 சதவீதத்தினரும் 15 சதவீதத்தினரும் விட்டிருந்தார்கள். தொடங்கி 17 வாரம் ஆனபோது அது 31 சதவீதம், 6 சதவீதம் என ஆயிற்று.

ஐந்து மடங்கு வேறுபாடு! ஆனால் சதவீதங்களை ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். ஒரு பக்கம் ஏறத்தாழ 13 பேர். மறுபக்கம் 3 பேர். வேறுபாடு 10, முன்பு சொன்ன கணக்கின்படி தடுமாற்றம் 4. இது பூஜ்யம் அன்று. உண்மையான பலன் இருப்பதற்கான நல்ல அறிகுறியே. ஆனால் அப்பலன் மிகப் பெரியதா, மிகச் சிறியதா என்று இந்த ஆய்வு சொல்லாது. ஒரு மரப்பாலத்தில் இரண்டு பேர் நடந்து போனார்கள் என்பதால் அதில் லாரியை ஓட்டலாம் என்று முடிவு கட்டுவதில்லை.

அடுத்து நடந்தது பாராட்டத்தக்கது. அதே புரூவரின் குழுவினர், இப்பயிற்சியைச் செல்பேசிச் செயலியாக்கி, 505 பேரிடம் சோதித்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவின்படி, உண்மையில் பயிற்சியைத் தொடங்கிய 325 பேரில், ஆறாவது மாதத்தில் மனவிழிப்புப் பிரிவில் 9.8 சதவீதமும் ஒப்பீட்டுப் பிரிவில் 12.1 சதவீதமும் விட்டிருந்தார்கள். அதாவது வேறுபாடு இல்லை. ஒரே ஒரு நற்குறி: மனவிழிப்புப் பிரிவில் ஆசைக்கும் புகைத்தலுக்கும் இடையே இருந்த பிணைப்பு தளர்ந்திருந்தது. தமக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்ட நேர்மையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் 88 பேரின் முடிவு மேடைதோறும் முழங்கியது. 505 பேரின் முடிவு ஆய்விதழின் பக்கங்களோடு நின்றுவிட்டது. குறை இங்கேதான் உள்ளது.

2022-இல் காக்ரேன் அமைப்பு மனவிழிப்பையும் மதிப்பிட்டது. 21 ஆய்வுகள்; 8,186 பேர். மற்ற முறைகளை விடவோ, எந்த உதவியும் பெறாதவர்களை விடவோ இது மேலானது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. கிடைத்த சான்றுகளும் உறுதி குறைந்தவை என்று அது எழுதியது. ‘சான்று இல்லை’ என்பதும் ‘பலன் இல்லை’ என்பதும் வேறு வேறு. பலன் இல்லை என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பலன் உண்டு என்று விளம்பரம் செய்யும் உரிமை, நிரூபித்த பிறகே வரும்.

ஒப்பீட்டுக் குழு என்ன செய்தது?

2020-ஆம் ஆண்டு ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவினர் சும்மா இருந்தார்களா? இல்லை. அவர்களுக்கும் ஒரு செயலி கொடுக்கப்பட்டது. ‘இப்போது ஆசை எவ்வளவு இருக்கிறது? புகைத்தீர்களா? மனநிலை எப்படி?’ என்ற வகையில் ஒரு நாளில் பல தடவை அது கேட்டுக்கொண்டே இருந்தது. தியானம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். நாளுக்குப் பல தடவை ஒருவரை நிறுத்தி, ‘உன் ஆசை எவ்வளவு?’ என்று கேட்டால், அவர் தம் மனத்தைத் திரும்பிப் பார்க்கத்தானே வேண்டும்? தியானம் என்ற பெயர் இல்லாமலே ஒரு சிட்டிகை மனவிழிப்பை அந்தக் குழுவுக்கும் ஊட்டிவிட்டார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு. வெப்பநிலையை அளக்க நீரில் வைத்த வெப்பமானியே நீரின் வெப்பத்தைச் சிறிது மாற்றிவிடுவது போன்றது இது.

ஆகவே இந்த ஆய்வு, ‘மனவிழிப்பு வீண்’ என்று காட்டவில்லை. ‘அடிக்கடி கேட்கப்படும் எளிய கேள்வியை விட, 22 நாள் பயிற்சிப் பாடம் கூடுதலாக எதையும் தரவில்லை’ என்று மட்டுமே காட்டுகின்றது. இலண்டன் ஆய்வோ, ‘பொதுவான செய்தியை விட, நிறுத்துவதற்கான அறிவுரைச் செய்தி கூடுதல் பலன் தருகின்றது’ என்று காட்டுகின்றது. முன்னதில் ஒப்பீட்டுக் குழு வலிமையானது, பின்னதில் எளியது. இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெற்றி தோல்வி சொல்வது, வேறு வேறு தொடக்கக் கோட்டிலிருந்து ஓடிய இருவரின் நேரத்தை ஒப்பிடுவதற்குச் சமம்.

இரண்டும் சேர்ந்தால்?

இரண்டையும் இணைத்துச் செய்த ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்தது. 2019-இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலும் வருமானம் குறைந்த கறுப்பின மக்களான 71 பேர் அதில் பங்கு கொண்டார்கள். எல்லோருக்கும் எட்டு வார மனவிழிப்பு வகுப்பு. ஒரு பிரிவினருக்கு மட்டும் வகுப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களில் குறுஞ்செய்திகள். வசதி குறைந்த மக்களைத் தேடிச் சென்ற அக்கறை போற்றத்தக்கது.

ஆனால் இந்த அமைப்பால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்? இரு பிரிவினருக்குமே மனவிழிப்பு உண்டு. எனவே மனவிழிப்பின் பலனை இதிலிருந்து அறிய முடியாது. செய்தியின் கூடுதல் பலனையும் 71 பேரிடம் அளக்க இயலாது. பிரிவுக்குச் சுமார் 35 பேர். அதில் 7 பேர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு பேர் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நேரும். இது முன்னோட்ட ஆய்வு. இவ்வழி நடைமுறைக்கு ஒத்து வருமா என்று பார்ப்பதே இதன் வேலை. ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே ‘முன்னோட்டம்’ என்று பெயரிட்டார்கள். அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டுச் செய்தியை மட்டும் பரப்புவது பிறர் செய்யும் பிழை.

இரண்டின் கூட்டுப் பலனை அறிய நான்கு குழுக்கள் வேண்டும்: செய்தி மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது. ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கணக்கில் அன்று, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். ஆறு மாதமேனும் காத்திருந்து, உமிழ்நீரை அளக்க வேண்டும். அத்தகைய சோதனையில் தேறும் வரை, ஜோடியின் புகழ் ஒருவர் தோளில் மற்றவர் ஏறி நின்று பெற்ற உயரம்தான்.

நம் நாட்டுக்கு வரும்போது

இந்திய அரசும் 2016-இல் செல்பேசி வழிப் புகையிலை நிறுத்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் செய்திகள் வரும் என்ற ஏற்பாடு. நோக்கம் நல்லது. ஆனால் இலண்டன் ஆய்வின் எண்களை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய முடியுமா?

முதலாவது, அங்குள்ள செய்திகள் சிகரெட் புகைப்பவர்களுக்கு எழுதப்பட்டவை. 2016-17-இல் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், வாயில் அடக்குவது, மெல்லுவது போன்ற புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். புகைப்பவர்களிலும் சிகரெட்டை விடப் பீடியே அதிகம். வெற்றிலையோடு புகையிலை போடும் மூதாட்டிக்குச் சிகரெட்டை விடும் அறிவுரை எதற்கு உதவும்?

இரண்டாவது, மொழி. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 16 பிட் தேவைப்படுவதால் 70 குறியீடுகளே அடங்கும். அதிலும் ‘கு’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு குறியீடுகள் செலவாகும்; புள்ளி வைத்த எழுத்துக்கும் அப்படியே. ‘தண்ணீர் குடியுங்கள்’ என்ற இரண்டு சொல் அறிவுரைக்கு 19 குறியீடுகள். இப்படிப்பட்ட மூன்று அறிவுரைகளை எழுதினாலே ஒரு செய்தி ஏறக்குறைய நிரம்பிவிடும். இரண்டு மூன்று செய்திகளை ஒட்டி நீளமாக அனுப்ப வழி உண்டு. செலவும் அதற்கேற்பக் கூடும். ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்த்துத் திணிப்பதற்குப் பதில், தமிழிலேயே சுருங்கச் சொல்லும் செய்திகளை எழுதிச் சோதிக்க வேண்டும். சுருங்கச் சொல்லும் மரபு நமக்குப் புதிதன்று.

மூன்றாவது, காலம். 2007-இல் ஒரு குறுஞ்செய்தி வந்தால் கையில் எடுத்துப் படித்தார்கள். இன்று வங்கி எண், கடன் விளம்பரம், தள்ளுபடி அறிவிப்பு என்று நாளெல்லாம் மணி அடிக்கின்றது. அந்தக் கூட்டத்தில் நல்ல செய்தியின் குரல் எடுபடுமா? இரைச்சல் கூடினால் சமிக்ஞை மறையும். ஓர் அளவீடு, அது எடுக்கப்பட்ட சூழ்நிலைக்கே முழுமையாகப் பொருந்தும்.

இதனால் திட்டம் வேண்டாம் என்பது பொருளன்று. பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஒப்பீட்டுக் குழுவோடு, உமிழ்நீர்ச் சோதனையோடு இங்கேயே அளந்து பார்க்க வேண்டும் என்பதே பொருள்.

முடிவாக

இன்று பழக்கத்தை விட விரும்பும் ஒருவருக்கு அறிவியல் என்ன சொல்ல முடியும்? எந்த உதவியும் இல்லாமல் தாமாக முயல்பவர்களில், ஒரு முயற்சிக்கு நூற்றில் 3 முதல் 5 பேரே ஆறு மாதத்துக்கு மேல் நிலைக்கின்றனர். நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பை ஐம்பது அறுபது சதவீதம் கூட்டுகின்றன. குறுஞ்செய்தியும் ஏறத்தாழ அதே அளவு கூட்டுகின்றது. எனவே மருத்துவரிடம் செல்வது, செய்தித் திட்டம் இருந்தால் சேர்ந்துகொள்வது, புகையிலைப் பொட்டலங்களில் அச்சிடப்படும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்து ஆலோசனை பெறுவது, இவை முதலில் செய்ய வேண்டியவை.

மனவிழிப்பில் நாட்டம் உள்ளவர் அதையும் தாராளமாகச் செய்யட்டும். ஆசை எழும்போது ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கெடுதல் இல்லை. காசு செலவும் இல்லை. ஆனால் அதை மருந்துக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகக் கொள்ள வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ‘இரு மடங்கு பலன்’ என்று விற்பவரிடம், ‘எதைப் போல் இரு மடங்கு? எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? எத்தனை மாதம் கழித்து அளந்தீர்கள்? எதைக் கொண்டு அளந்தீர்கள்?’ என்ற நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் முயற்சியில் தோற்றவர் ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல உதவியைப் பெற்றும் நூற்றில் தொண்ணூறு பேர் ஒரு தடவையில் வெற்றி பெறுவதில்லை. அது அவர்களுடைய குணக்கேடு அன்று; பத்து வினாடியில் மூளைக்குப் பரிசளிக்கும் ஒரு நஞ்சின் வலிமை. முயற்சியைத் திரும்பச் செய்யலாம்; சோதனைச் சாலையில் செய்வது போலவே, இரண்டாம் தடவை முறையை மாற்றிச் செய்யலாம். 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன என்பது, அரை நூற்றாண்டு பொறுமையாக எண்ணிப் பெற்ற கணக்கு.